மூன்று புள்ளிகள் கிளம்பிய கரை: கார்ன்வால் பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, கார்டிஃப்

லாவர்னாக் முனைக்குப் போகும் குறுகிய சாலை ஒரு சின்ன தேவாலயத்தின் பக்கத்தில் போய் முடிந்துவிடுகிறது. தேவாலயச் சுற்றுச்சுவரில் ஒரு வெண்கலப் பலகை இருக்கிறது. அதைத் தவிர வேறு அடையாளம் எதுவும் இல்லை. புல்லும் புதருமாக இருக்கும் இடத்தைத் தாண்டி நடந்தால் பாறை விளிம்பு, கீழே சேறு கலந்த பழுப்பு நிறக் கடல், எதிரே ஃப்ளாட் ஹோம் தீவு, அதன் மேல் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம். உலகில் முதன்முதலாகக் கடலைத் தாண்டிக் கம்பியில்லாமல் செய்தி போனது இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில்தான். தேதி 1897 மே 13.

அக்கா மகள்தான் வண்டி ஓட்டுகிறாள். அவளுக்கு பிரிஸ்டலில் வேலை. மாமா கேட்டுவிட்டாரே என்று லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். தீவைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ கிட்ட இருக்கே மாமா, இதுக்கா அவ்ளோ பாடு பட்டாங்க?” என்று கேட்டாள். தூரம் என்னவோ சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால் இதே இடத்தில் அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1892-ல், பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் இன்னொரு முறையை முயன்று பார்த்திருந்தார். கரையில் நீளமாக ஒரு கம்பி, தீவில் அதற்கு இணையாக இன்னொரு கம்பி. ஒன்றில் மின்சாரம் மாறினால் மற்றதில் தூண்டப்படும். அது வேலை செய்தது. சிக்கல் என்னவென்றால் தூரம் கூடக்கூட இரண்டு பக்கமும் கம்பியின் நீளத்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கப்பலுக்குள் எங்கே கிலோமீட்டர் கணக்கில் கம்பி கட்டுவது?

1896-ல் கம்பியில்லாத் தந்திக் கருவியோடு இத்தாலியிலிருந்து 21 வயதில் லண்டன் வந்து சேர்ந்த மார்க்கோனியை பிரீஸ் ஆதரித்ததற்கு இந்தப் பின்னணி முக்கியம். தன்னுடைய முறை எந்த இடத்தில் நின்றுபோகும் என்று பிரீஸுக்குத் தெரிந்திருந்தது. அந்த வயதில் ஒரு பையன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் கதவைத் திறந்து விடுகிற அதிகாரிகள் எந்தக் காலத்திலும் குறைவு. அதனால் பிரீஸ் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, 1897-க்கு வருவோம். மே மாதத்தில் முதலில் செய்த சோதனைகள் சரிவரவில்லை. 13-ஆம் தேதி வாங்கியை (அலையைப் பிடிக்கும் ரிசீவரை) பாறை உச்சியிலிருந்து கீழே கடற்கரைக்கே தூக்கிப்போய், மேலே இருந்த கம்பத்துக்கும் கருவிக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் கம்பியைச் சேர்த்தார்கள். கம்பி நீண்டதும் குறிகள் தெளிவாக வந்தன. ‘தயாரா?’ என்று கேட்கும் சிறு செய்தி மோர்ஸ் புள்ளிகளாக நாடாவில் பதிவானது. சில நாட்களில் எதிர்க்கரையில் உள்ள பிரீன் டவுன் வரை, சுமார் 16 கிலோமீட்டர், எட்டிவிட்டார்கள். பெர்லினிலிருந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்த பேராசிரியர் ஸ்லாபி ஊருக்குத் திரும்பியதும் தானே சோதனைகளைத் தொடங்கினார். பின்னால் டெலிஃபுங்கன் என்ற ஜெர்மன் வானொலி நிறுவனம் உருவானதில் அந்த வேலைக்கும் பங்கு உண்டு.

கீழே இறங்கி அந்தக் கூழாங்கல் கரையில் நின்றபோது எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் முழுக்க நான் தேடப்போவது இதைத்தான். கம்பியைக் கூட்டினால் தூரம் கூடுகிறது என்று அவர்கள் கண்டுபிடித்தது ஏட்டிலிருந்து அல்ல. உயரத்தை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும் என்று மார்க்கோனி ஒரு விதியே வைத்திருந்தார், அதுவும் செய்து பார்த்து வந்ததுதான். ஏன் அப்படி என்று அன்று திருத்தமாகச் சொல்ல ஆளில்லை. இந்தத் துறையில் முதல் முப்பது வருடம் இப்படியே போயிருக்கிறது. முதலில் காரியம் நடந்தது, காரணம் பின்னால் வந்தது.

வெள்ளி இரவு, லிசர்ட்

பகல் முழுக்கப் பயணம். எக்ஸிட்டர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, ஹெல்ஸ்டன் வரை விடவில்லை. வழியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. லிசர்ட் இங்கிலாந்து நிலப்பகுதியின் தென்கோடி. ஊருக்குள் வண்டியை விட்டுவிட்டு பாஸ் பாயின்ட் வரை கடலோரப் பாதையில் நடந்தோம். வெள்ளையாக லாயிட்ஸ் என்ற கப்பல் காப்பீட்டு நிறுவனத்தின் பழைய சமிக்ஞை நிலையம் நிற்கிறது. அட்லான்டிக்கைக் கடந்து வரும் கப்பல்கள் இதன் முன்னால் வந்து கொடி காட்டித் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் கறுப்புப் பூச்சுப் பூசிய இரண்டு மரக் குடிசைகள். லிசர்ட் கம்பியில்லாத் தந்தி நிலையம் அதுதான்.

பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய கோழிப்பண்ணைக் கொட்டகையை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 1901 ஜனவரி 23 அன்று ஐல் ஆஃப் வைட் தீவின் நைட்டன் நிலையத்திலிருந்து கிளம்பிய குறிகளை இந்தப் பலகைச் சுவர்களுக்குள் இருந்துதான் பிடித்தார்கள். தூரம் 299 கிலோமீட்டர். அன்றைய உலக சாதனை.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. பூமி உருண்டை. 300 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இரண்டு இடங்களுக்கும் நேர்கோடு போட்டால் நடுவில் கடல் அந்தக் கோட்டுக்கு மேல் சுமார் 1.8 கிலோமீட்டருக்கு எழும்பி நிற்கும். ஒளியைப் போலத்தான் இந்த அலைகளும் என்று ஹெர்ட்ஸ் 1880-களின் கடைசியில் காட்டியிருந்தார். ஒளி நேராகப் போகும். அப்படியென்றால் நைட்டனில் கிளம்பிய அலை லிசர்டுக்கு எட்டாமல் மேலே விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நீளமான அலைகள் உப்புத் தண்ணீரின் மேல் வளைவை ஒட்டியே ஊர்ந்து போகும் என்பது இன்று எந்த ஹாமுக்கும் (பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு) தெரியும். அன்று அது பெரிய புதிர். தெரியாத அந்தப் புதிரை நம்பித்தான் மார்க்கோனி அடுத்து அட்லான்டிக் மேல் கை வைத்தார், அதுவும் பங்குதாரர்களின் பணத்தில்.

குடிசைகளை, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1901-ல் இருந்த மாதிரியே சீரமைத்து வைத்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக மேசையும், மோர்ஸ் குறிகளைத் தட்டி அனுப்பும் பித்தளைச் சாவியும் தெரிந்தன. மழை மறுபடி பிடிப்பதற்குள் கிளம்பிவிட்டோம்.

சனி இரவு, முல்லியன்

இன்றைக்கு நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போல்டூவில் நாள் முழுக்க இருந்தேன்.

போல்டூ கோவ் என்பது சின்ன மணற்கரை. அங்கிருந்து தெற்கே மேடேறினால் ஒரு பெரிய வெட்டவெளி, எந்தப் பக்கமும் மரம் இல்லை, மேற்கே அட்லான்டிக். விளிம்பில் கருங்கல் தூண் ஒன்று. அதன் அடிப்பாகத்தில் நான்கு பக்கமும் இங்கே நடந்ததைச் செதுக்கியிருக்கிறார்கள். புல்லில் நிதானமாக நடந்து பாருங்கள், காலடியில் கான்கிரீட் அடித்தளங்களும் கம்பிகளை இழுத்துக் கட்டிய நங்கூரக் கட்டைகளும் தட்டுப்படும். தூணைப் படம் எடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுபவர்கள்தான் அதிகம். உண்மையான நினைவுச்சின்னம் அந்தக் கான்கிரீட்தான் என்பேன்.

அட்லான்டிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்பும் மார்க்கோனியின் நிலையத்துக்கு இங்கே 1900 அக்டோபரில் வேலை தொடங்கியது. ஆய்வகத்து மேசைமேல் இருந்த கருவியை மின்நிலையத்து அளவுக்குப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அந்த வேலை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பேராசிரியர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங்குடையது. எண்ணெய் எஞ்சினால் ஓடும் 25 கிலோவாட் மின்னாக்கி, அதிலிருந்து மின்மாற்றிகள் வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட், மின்தேக்கிகள், கடைசியில் இடியோசையோடு பாயும் மின்பொறி. ஒவ்வொரு பொறியும் ஆன்டெனாவில் ஓர் அதிர்வலையைக் கிளப்பும். சாவியை அழுத்தும் நேரத்தைப் பொறுத்து அது புள்ளி அல்லது கோடு. இவ்வளவு மின்சாரத்தைச் சாவியால் வெட்டி வெட்டிக் கொடுப்பதே பெரும் பாடு.

ஆன்டெனாவுக்காக 61 மீட்டர் உயரத்தில் 20 மரக் கம்பங்களை வட்டமாக நட்டு, ஒன்றோடொன்று இணைத்துக் கட்டினார்கள். 1901 செப்டம்பர் 17 அன்று அடித்த புயலில் அத்தனையும் சாய்ந்தன. அமெரிக்கப் பக்கம் கேப் காடில் இதே வடிவத்தில் கட்டியதும் நவம்பரில் விழுந்தது. அந்த இடத்தில் இன்று நின்று பார்த்தால் ஏன் விழுந்தது என்று சொல்லவே வேண்டாம். சாதாரண நாளிலேயே காற்று ஆளைத் தள்ளுகிறது. இன்னொரு குழு என்றால் ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கும். இவர்கள் இரண்டே இரண்டு கம்பம் நட்டு, அவற்றுக்கு நடுவில் விசிறி மாதிரி கம்பிகளைத் தொங்கவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கேப் காடை விட்டுவிட்டுக் கொஞ்சம் பக்கமாக, இன்று கனடாவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மார்க்கோனி, ஜார்ஜ் கெம்ப், பேஜெட் மூவரும் அந்தத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் உள்ள சிக்னல் ஹில் மேட்டில் போய் உட்கார்ந்தார்கள். ஆன்டெனாவைத் தூக்க முதலில் பலூன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அப்புறம் பட்டம், அதில் ஏறத்தாழ 150 மீட்டர் கம்பி. முதல் பட்டமும் போய்விட்டது. இரண்டாவது நின்றது. டிசம்பர் 12, அங்கே நேரம் பகல் 12:30. போல்டூவிலிருந்து தினமும் குறித்த நேரத்தில் ‘எஸ்’ என்ற எழுத்தை, அதாவது மூன்று புள்ளிகளை, மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காதில் டெலிபோன் வாங்கியை வைத்திருந்த மார்க்கோனிக்கு அது கேட்டது. கெம்பிடம் கொடுத்தார், அவருக்கும் கேட்டது. தூரம் சுமார் 3,400 கிலோமீட்டர். நேர்கோடு போட்டால் நடுவில் கடல் 200 கிலோமீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கும் தூரம்.

இந்த இடத்தில் நம்ம நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசு இல்லை. அன்று பயன்படுத்திய உணர்வான், அதாவது வரும் அலையை உணரும் பாகம், பாதரசத் துளியை வைத்துச் செய்தது, இத்தாலியக் கடற்படை கொடுத்தது என்றுதான் அப்போது சொன்னார்கள். பாதரசமும் இரும்பும் தொடும் இடத்தை வைத்து அலையை உணரலாம், டெலிபோனில் கேட்கலாம் என்று ஜகதீஷ் சந்திர போஸ் 1899-லேயே ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் விவரித்திருந்தார். அதற்கும் இதற்கும் உள்ள உறவை புரோபிர் பண்டோபாத்யாய் 1998-ல் விரிவாக எழுதினார். கல்கத்தாவில் மில்லிமீட்டர் அளவு அலைகளையே உண்டாக்கிக் காட்டியவர் போஸ். காப்புரிமை வாங்கிப் பணம் பண்ணத் தயங்கியவர். அந்தத் தூணில் அவர் பெயருக்கு இடம் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

உண்மையிலேயே கேட்டதா என்ற சர்ச்சை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. நாடாவில் பதிவு இல்லை, இரண்டு பேர் காது மட்டும்தான் சாட்சி. அதுவும் பகல் வேளை. மத்திய அலை (மீடியம் வேவ்) பகலில் அவ்வளவு தூரம் போவது மிகவும் கடினம். என் நிலைப்பாடு என்னவென்றால், டிசம்பர் 12 பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், ஆனால் அதற்கு இரண்டே மாதம் கழித்து நடந்ததைச் சந்தேகிக்க வழியில்லை. 1902 பிப்ரவரியில் மார்க்கோனி ‘ஃபிலடெல்ஃபியா’ கப்பலில் அமெரிக்கா போனார். இந்த முறை காதை நம்பவில்லை, நாடாவில் அச்சடிக்கும் கருவி, கப்பல் தலைவரின் கையெழுத்து. முழுச் செய்திகள் சுமார் 2,500 கிலோமீட்டர் வரை, ‘எஸ்’ குறி மட்டும் 3,300 கிலோமீட்டருக்கும் அப்பால் வரை பதிவாயின. இதெல்லாம் இரவில். பகலில் 1,100 கிலோமீட்டர் தாண்டியதும் ஒன்றும் வரவில்லை.

இரவுக்கும் பகலுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதை அந்தப் பயணம்தான் முதலில் காட்டியது. எனக்கு அட்லான்டிக்கைத் தாண்டியதைவிட இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. அதே 1902-ல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடும், மேலே வளிமண்டலத்தில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும், அது அலையைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது என்று தனித்தனியாகச் சொன்னார்கள். அது ஊகம்தான். 1924-ல் எட்வர்ட் ஆப்பிள்டன்தான் அந்த அடுக்கை அளந்து காட்டினார், 1947-ல் நோபல் பரிசு பெற்றார். வெயில் ஏறினால் அந்த மண்டலத்தின் அடிப்பகுதியில் இன்னொரு அடுக்கு உருவாகி மத்திய அலைகளை விழுங்கிவிடும். இரவில் அது கரைந்துபோகும். ஆக, போல்டூவில் கம்பம் நட்டவர்கள் தங்களுக்கு உதவி செய்யும் கூரை தலைக்கு மேல் இருப்பது தெரியாமலே வேலை செய்திருக்கிறார்கள்.

இப்போது அந்த மேட்டில் இருக்கும் ‘மார்க்கோனி சென்டர்’ 2001-ல், நூற்றாண்டை ஒட்டித் திறந்தது. போல்டூ ஹாம் கிளப்பின் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். திறந்திருக்கும் நேரம் குறைவு, விசாரித்துக்கொண்டு வாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், நான் ஹாம் என்று சொன்னதும் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். கிளப்பின் அழைப்புக்குறி ஜிபி2ஜிஎம். ஜிஎம் என்றால் குல்யெல்மோ மார்க்கோனி. 20 மீட்டர் அலைவரிசையில், மோர்ஸ் சாவியில் நான் கூப்பிட்டதும் போர்ச்சுகலிலிருந்து ஒரு நிலையம் பதில் கொடுத்தது. அப்புறம் கனடா. 100 வாட்கூட இல்லை! 25 கிலோவாட் வைத்து மூன்று புள்ளிக்குத் தவம் கிடந்த அதே மண்ணிலிருந்து. கை நடுங்கியது, மறைக்க மாட்டேன்.

அந்த 100 வாட் எப்படிப் போதுமானதாயிற்று என்பதற்கான விடையும் போல்டூவிலேயே இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவர்கள் 1901-ஓடு நின்றுவிடுகிறார்கள். முதல் இருபது வருடம் எல்லோரும் அலை நீளமாக இருந்தால்தான் தூரம் போகும் என்று நம்பினார்கள். கிலோமீட்டர் கணக்கில் நீளமான அலை, ராட்சத நிலையங்கள். 200 மீட்டருக்குக் கீழே உள்ள அலைகள் ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்து 1912-ல் அமெரிக்கச் சட்டம் அவற்றை ஹாம்களிடம் தள்ளிவிட்டது. அந்த ஹாம்கள்தான் 1921 டிசம்பரில் கனெக்டிகட்டிலிருந்து ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் வரை குறிகளை அனுப்பிக் காட்டினார்கள். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலோய் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அமெரிக்காவோடு இருவழியாகவே பேசினார்.

அதே 1923-ல் போல்டூவில் சார்ல்ஸ் ஃபிராங்க்ளின் என்ற பொறியாளர் 97 மீட்டர் அலையை வளைந்த கம்பித் தட்டியால் ஒரே திசையில் குவித்து அனுப்ப, மார்க்கோனி தன்னுடைய ‘எலெட்ரா’ படகில் கேப் வெர்டே தீவுகள் வரை போய்க் கேட்டார். திறனை 1 கிலோவாட்டுக்குக் குறைத்தபோதும் கேட்டது. 1924 மே மாதம் இங்கிருந்து பேசிய குரல் சிட்னியில் கேட்டது. பகலில் இன்னும் குறுகிய அலை நன்றாகப் போகும் என்பதையும் அந்த வருடமே 32 மீட்டரில் பிடித்துவிட்டார்கள். விழுங்கும் அடுக்கைக் குத்தித் தாண்டி மேல் அடுக்கில் பட்டுத் திரும்பும், அதுதான் காரணம். அதையும் முதலில் செய்துவிட்டுத்தான் பிறகு புரிந்துகொண்டார்கள். ஃபிராங்க்ளின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? இன்று நான் தொட்ட சிற்றலைக்கு (ஷார்ட் வேவுக்கு) மார்க்கோனியைவிட அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

போல்டூ நிலையம் 1930-களின் நடுவில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. நிலம் 1937-ல் நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. அதனால்தான் அந்த மேடு இன்னும் வெறும் மேடாக இருக்கிறது, நல்லவேளை.

ஞாயிறு மாலை, முல்லியன்

கூன்ஹில்லி செயற்கைக்கோள் தரைநிலையம் பத்து நிமிட ஓட்டம்தான். பொட்டல் காட்டுக்கு நடுவில் திடீரென்று ராட்சதக் கிண்ணங்கள். வளாகத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத நாள், வெளியே புதர்க்காட்டுப் பாதையில் நடந்தே பார்த்தோம். வேலிக்குப் பக்கத்தில் வெண்கலக் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது, அதன் பின்னணியில் ஆர்தர் என்று பெயர் வைத்த முதல் ஆன்டெனா. அக்கா மகள் படம் எடுத்துத் தீர்த்துவிட்டாள்.

ஆர்தரின் கிண்ணம் 26 மீட்டர் அகலம், எடை 1,100 டன். 1962 ஜூலை 10 அன்று டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 77 கிலோ எடை, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அட்லான்டிக்கின் இரண்டு கரைக்கும் ஒரே சமயத்தில் தெரிவது ஒவ்வொரு சுற்றிலும் 20 நிமிடம் போல. அந்த நேரத்துக்குள் 1,100 டன்னைத் திருப்பித் திருப்பி வானத்தில் ஒரு புள்ளியைத் துரத்த வேண்டும். அடியில் கெட்டியான சர்ப்பன்டைன் பாறை இருந்ததும், மேற்குக் கோடி என்பதும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள்.

இங்கே வானத்துக் கூரையின் கணக்கு தலைகீழ். போல்டூ அலைகள் அயனி மண்டலம் எனப்படும் அந்த மின்கடத்தும் அடுக்கில் பட்டுத் திரும்பின. டெல்ஸ்டார் அலைகள் அதை ஊடுருவிப் போக வேண்டும். அதற்கு ஜிகாஹெர்ட்ஸ் அளவு. இப்போது கோட்பாடு எல்லாம் கையில் இருந்தது, அறிவியல் முன்னே போய் வழியும் காட்டியது. ஆனாலும் முதல் இரவு அமெரிக்காவிலிருந்து வந்த தொலைக்காட்சிப் படம் சரியாக வரவில்லை. அலை சுழன்றுகொண்டே வரும். வலப்பக்கச் சுழற்சி எது, இடப்பக்கச் சுழற்சி எது என்ற வரையறையில் இருந்த குழப்பத்தால் ஆன்டெனாவில் ஒரு சின்ன பாகம் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. பிரான்சின் ப்ளூமர் போடூ நிலையத்தில் படம் பளிச்சென்று வந்துவிட்டது. இங்கே மறுநாள் சரிசெய்தார்கள்.

டெல்ஸ்டார் அதிக நாள் உழைக்கவில்லை. ஏவப்படுவதற்கு முந்தைய நாள் அமெரிக்கா பசிபிக்கின் மேலே விண்வெளி உயரத்தில் ஓர் அணுகுண்டைச் சோதித்தது. அதனால் பெருகிய கதிர்வீச்சு டிரான்சிஸ்டர்களைக் கெடுத்தது. 1963 பிப்ரவரியோடு சரி. ஒரு கையால் விதைத்து மறு கையால் நஞ்சு தெளித்த வேலை இது, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

திங்கள் இரவு, பென்சான்ஸ்

போர்த்கர்னோவுக்கு இன்று போனோம். பச்சை நீலத் தண்ணீரும் வெள்ளை மணலுமாக, கூட்டம் நெரிகிறது. குளிக்க வந்தவர்களின் காலுக்கடியில் ஒரு காலத்தில் உலகத்தின் தந்திக் கம்பிகள் கரையேறின. 1870-ல் இங்கிருந்து ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாக பம்பாய் வரை தொடர்பு உண்டானது. அடுத்த வருடம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி போனது. அன்றைய மதராஸ் துறைமுகத்து வியாபாரிக்கு லண்டன் விலை நிலவரம் கிடைத்த வழி இந்தக் கடற்கரை.

கம்பிக்காரர்களின் கதை கம்பியில்லாதவர்களுக்கு நேர் எதிர். இங்குள்ள அருங்காட்சியகத்தில், மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவியான இயற்பியலாளர் கெல்வினின் கண்ணாடி கால்வனாமீட்டரைப் பார்க்கும்போது அது புரிந்தது. 1858-ல் முதல் அட்லான்டிக் கம்பியில் 2,000 வோல்ட் போல ஏற்றிப் பாழாக்கினார்கள். கம்பிக்குள் குறி எப்படி மெதுவாகப் பரவும் என்று அதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்த கெல்வின் சொன்னபடி சிறு மின்னோட்டமும் நுட்பமான கருவியுமாக மாற்றியதும் வெற்றி. கம்பியில் கணக்கு முன்னே இருந்தது, கேட்காமல் போய்க் கெடுத்தார்கள். போல்டூவில் கணக்கைக் கேட்டிருந்தால் யாரும் அட்லான்டிக்கைத் தொட்டே இருக்க மாட்டார்கள். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் நடுவில் 50 கிலோமீட்டர்கூட இல்லை.

போல்டூ வளர்ந்ததும் போர்த்கர்னோவின் கடலடிக் கம்பி நிறுவனம் பயந்துவிட்டது. கேட்கிற தூரம்தான். நெவில் மாஸ்கலின் என்ற மேஜிக் நிபுணரை, அவர் கம்பியில்லாத் தந்தியிலும் கைதேர்ந்தவர், இங்கே பாறை மேல் உயரமான கம்பம் நட வைத்தது. 1902-ல் போல்டூவிலிருந்து இத்தாலியப் போர்க்கப்பல் ‘கார்லோ ஆல்பெர்தோ’வுக்குப் போன செய்திகளை அவர் சாவகாசமாகக் கேட்டுப் பத்திரிகையில் வெளியிட்டார். அலைநீளத்தைப் பொருத்திவிட்டால் பிறர் கேட்க முடியாது என்று மார்க்கோனி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃப்ளெமிங் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது வாங்கியில் ‘எலிகள்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது, அதற்கப்புறம் இத்தாலிக்காரர் ஒருவரைக் கேலி செய்யும் வரிகள். பக்கத்திலிருந்து மாஸ்கலின் அனுப்பியவை. ஃப்ளெமிங் கொதித்துப்போய்ப் பத்திரிகைக்கு எழுத, மாஸ்கலின் தான்தான் என்று ஒப்புக்கொண்டு, பொதுமக்களுக்கு உண்மை தெரிய வேண்டும் என்றார். நடத்தை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவர் சொன்னது சரி. காற்றில் போவதை எவரும் கேட்கலாம். இன்று நம் போனிலிருந்து போவதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டுப் போவதற்குக் காரணமும் அதுதான்.

ஆக, கம்பி நிறுவனங்கள் உண்மையில் தோற்றது 1920-களின் கடைசியில், ஃபிராங்க்ளினின் குவித்த சிற்றலையிடம். 1926-ல் கனடாவுக்கு, 1927-ல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியாவுக்கு அந்தச் சேவை திறந்தது. இந்தியப் பக்கத்தில் புனேவை ஒட்டிய கிர்க்கியிலும் தவுண்டிலும் நிலையங்கள். கட்டணம் மலிவு, வேகம் அதிகம். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் போனார்கள். கடைசியில் 1929-ல் கம்பி நிறுவனங்களையும் மார்க்கோனியின் தந்தி வியாபாரத்தையும் ஒன்றாக இணைத்தது அரசு. பின்னால் கேபிள் அண்ட் வயர்லெஸ் என்று பெயர் வந்தது இந்தக் கல்யாணத்தால்தான். போர்த்கர்னோவின் பயிற்சிக் கல்லூரி 1993 வரை நடந்தது.

இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து 1940, 41-ல் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் குடைந்த குகைகளுக்குள்தான் அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி. உள்ளே பழைய கருவிகளை ஓடவிட்டுக் காட்டுகிறார்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள். சிற்றலை ஜெயித்ததோடு கதை முடியவும் இல்லை. சூரியன் கலங்கினால் சிற்றலையும் கலங்கும். 1990-களில் கண்ணாடி இழை வந்ததும் இதே போர்த்கர்னோவில் ஃபிளாக் கம்பி கரையேறியது, எகிப்து, மும்பை வழியாக ஜப்பான் வரை. அக்கா மகள் மணலில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போட்டிருந்தாள். “இது வயர்லெஸ்தானே மாமா?” என்றாள். கைபேசியிலிருந்து கோபுரம் வரைக்கும் வயர்லெஸ், அதற்கப்புறம் பெரும்பாலும் கடலுக்கடியில்தான் என்றேன். உடனே போனை என்னிடம் நீட்டி, “அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க” என்றாள். அக்கா அதையெல்லாம் விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

காலையில் பிரிஸ்டல் கிளம்புகிறோம். ஐல் ஆஃப் வைட்டின் ஆலம் பே இந்த முறை முடியவில்லை, கெல்வின் 1898-ல் ஒரு ஷில்லிங் கட்டணம் கொடுத்துத் தந்தி அனுப்பிய இடம். யாராவது சமீபத்தில் போயிருந்தால் அங்கே இப்போது என்ன மிச்சம் இருக்கிறது என்று எழுதுங்கள்.